சுத்தம் சோறு போடும் – கொஞ்சச் சல்லியில் துப்புரவுத் தொழிலுக்கு வாடிக்கை தேடுவது எப்படி?



"சுத்தம் சோறு போடும்" என்று நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. வீடு வாசல் சுத்தமாக இருந்தால் நோய் அண்டாது, மருந்துக்குப் போகிற காசு சோற்றுக்கு மிஞ்சும் என்பது அதன் பொருள். இன்றைக்கு ஊவாவில் அந்தப் பழமொழி இன்னொரு விதத்திலும் உண்மையாகி வருகிறது. எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் உல்லாசப் பிரயாணிகள் தங்குகிற சின்னச் சின்ன விடுதிகள் பெருகியிருக்கின்றன. பதுளை டவுனில் கடைகள், டியூஷன் வகுப்புகள், தனியார் டிஸ்பென்சரிகள், வாடகை வீடுகள் என்று நிறைய உண்டு. இவற்றையெல்லாம் யாராவது கூட்டிக் கழுவித் துடைத்துத்தான் ஆகவேண்டும்.

நம்ம பிள்ளைகள் பலர் இதே வேலைக்குத்தான் கொழும்புக்குப் போகிறார்கள். வீட்டுக்காரர் வீட்டிலேயே தங்கி, விடிய எழும்பி, இரவு எத்தனை மணிக்குப் படுப்பது என்று தெரியாமல் உழைக்கிறார்கள். அதே உழைப்பை, காலையில் பஸ் ஏறிப் போய், பொழுது சாயமுன் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடிய தூரத்தில் செய்ய ஏலாதா? ஏலும். "வேலை செய்யத் தெரியுங்க, ஆனா யார் எங்களைக் கூப்பிடுவாங்க?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. அந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை பதில் சொல்லப் பார்க்கிறது.

நாம் விற்பது என்ன?

முதலில் இதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். தும்புத்தடி பிடிக்கத் தெரிந்தவர் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் விடுதிக்காரர் ஆள் கிடைக்கவில்லை என்று அலைகிறார். காரணம், அவர் தேடுவது கூட்டத் தெரிந்த ஆளை மட்டும் அல்ல. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக டவுனுக்குப் போய்வரக்கூடிய ஆளை. ஆகவே துப்புரவுத் தொழிலில் நாம் விற்பது பாதி உழைப்பு, பாதி நம்பிக்கை.

இதற்கு உலகத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத்தில் 1901-ம் ஆண்டு 20 இரவுக் காவலாளிகளோடு ஒரு சின்னக் கம்பெனி தொடங்கியது. கடைகளுக்கும் கட்டடங்களுக்கும் இராக்காவல் செய்வதுதான் அவர்கள் வேலை. 1934-ல் அவர்கள் துப்புரவு வேலையிலும் இறங்கினார்கள். இராத்திரியில் கட்டடத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர்கள், அதே கட்டடத்தின் உள்ளே கூட்டித் துடைக்கவும் ஏற்றவர்களாகத்தானே இருப்பார்கள்? ஐ.எஸ்.எஸ். என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க இயங்கும் அந்தக் கம்பெனியில் 3 இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் வேலை செய்கிறார்கள்.

நம்ம அப்புத்தளைக்கும் ஒரு பெரிய வியாபாரியின் கதை உண்டு. தம்பேத்தன்ன தோட்டத்தை 1890-ல் வாங்கிய தோமஸ் லிப்டன், 1871-ல் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு சிறிய பலசரக்குக் கடையோடு ஆரம்பித்தவர். ஆள் திரட்டுவதற்காக ராட்சத அளவு சீஸ் கட்டியைத் தெருவழியே கொண்டுவந்து, அதற்குள் பவுண் காசு ஒளித்துவைத்து விற்றார். கடைச் சாமானுக்கு அந்த வித்தை செல்லும். துப்புரவு வேலைக்குச் செல்லாது. தெருவில் மேளம் அடித்தவனை யாரும் படுக்கையறைக்குள் விடமாட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் "இவங்க நல்லவங்க" என்று சொன்னால்தான் விடுவார்கள். அதனால் விளம்பரத்துக்குக் காசு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். இந்தத் தொழிலில் வாடிக்கை வருகிற வழி வாய்ச்சொல்தான். அதற்குச் சல்லி வேண்டாம், ஒழுங்கு வேண்டும்.

வேலைக்காரரா? தொழில்காரரா?

துப்புரவு வேலை என்றால் முகம் சுளிக்கிற பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. சாதியின் பெயரால் இந்த வேலையைச் சிலர் தலையில் மட்டும் கட்டிவைத்த காலத்தின் மிச்சம் அது. அழுக்குப் பண்ணுகிறவருக்கு வராத வெட்கம், அதைக் கழுவுகிறவருக்கு ஏன் வரவேண்டும்?

ஆனால் மரியாதை தானாக வராது. "கூப்பிட்ட நேரம் வாறேன், குடுக்கிறதைக் குடுங்க" என்று சொன்னால் நீங்கள் வேலைக்காரர். "இந்த இந்த வேலை, இத்தனை மணித்தியாலம், இவ்வளவு சல்லி" என்று முன்கூட்டியே பேசினால் நீங்கள் தொழில்காரர். கையில் இருப்பது அதே வாளிதான். பேச்சில்தான் வித்தியாசம்.

பேர் வெட்டுவதற்கு முன்

ஒரு முக்கியமான எச்சரிக்கை. துப்புரவுத் தொழிலை நம்பித் தோட்டத்தில் உடனே பேர் வெட்டிவிடாதீர்கள். பதிவுத் தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதிக்குத் தோட்டம் 12 சதவீதம் போடுகிறது, உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் போகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் இன்னும் 3 சதவீதம் போடுகிறது. 5 வருடம் சேவை முடித்தவருக்குச் சேவைக்காலப் பணத்துக்கும் உரிமை உண்டு. சொந்தத் தொழிலில் இதையெல்லாம் உங்களுக்காகப் போட யாரும் இல்லை.

ஆகவே வீட்டில் யார் தொடங்குவது என்று யோசித்துப் பாருங்கள். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் மகள், மகன், மருமகள், கொழும்பிலிருந்து திரும்பி வந்தவர், தோட்டத்தில் ஓய்வுபெற்றும் உடம்பில் தெம்பு உள்ளவர் ஆகியோர் பொருத்தமானவர்கள். பேர் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலையில்லாத நாளிலும் கூடப்போய் உதவலாம். 16 வயது ஆகாத பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 2021-ல் 16 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. பிள்ளையின் இடம் பள்ளிக்கூடம்தான்.

முதல் பத்துப் பெயர்

ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள், அதே சமயம் தோட்டத்துக்கு வெளியே நாலு பேரைத் தெரிந்தவர்கள் பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். யாரை எழுதலாம்?

1. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்கள். டவுனில் வாடகைக்கு இருக்கிறவர்கள் பலர்.
2. பிள்ளை மடுவத்து உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், தோட்டத்து வைத்திய உத்தியோகத்தர்.
3. டவுனில் நீங்கள் மாதச் சாமான் வாங்குகிற கடை முதலாளி.
4. விடுதிகளில் சமையலுக்கும் தோட்ட வேலைக்கும் போகிற சொந்தக்காரர்கள்.
5. ஆட்டோ ஓட்டுகிற தம்பிமார். எந்த விடுதியில் எத்தனை அறை, எந்த முதலாளி எப்படி என்று இவர்களைப் போல அறிந்தவர் கிடையாது.
6. கோயில் நிர்வாக சபைக்காரர்கள், தேவாலயத்துக்காரர்கள்.
7. கொத்தனார், பெயிண்டர், தச்சு பாஸ்மார். புது வீடு கட்டி முடிந்ததும் சுண்ணாம்பும் பெயிண்டும் சிந்திக் கிடக்கும். கழுவுவதற்கு ஆள் தேடுவார்கள்.

இவர்களிடம் "வேலை குடுங்க" என்று கேட்காதீர்கள். "நாங்க துப்புரவு வேலை எடுத்துச் செய்றோம். தேவைப்படுற ஆள் உங்களுக்குத் தெரிஞ்சா எங்க பேரைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். வேலை கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். பேரைச் சொல்லிவிடச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். பத்துப் பேரிடம் சொன்னால் இரண்டு பேர் மறக்காமல் சொல்லுவார்கள். தொடங்குவதற்கு அது போதும்.

எங்கே, எப்போது?

*சின்ன விடுதிகள்:* மூன்று அறை முதல் ஆறு அறை வரை உள்ள விடுதிகளைப் பாருங்கள். பெரிய ஓட்டலுக்குச் சம்பள ஆட்கள் இருப்பார்கள். சின்ன விடுதியில் முதலாளி குடும்பமே எல்லாம் செய்யும். காலையில் ஆட்கள் அறையை விட்டுப் போனதும், மத்தியானம் அடுத்த ஆட்கள் வருமுன்னே, அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தில்தான் அவர்களுக்கு மூச்சுத் திணறும். நாம் புகவேண்டிய நேரம் அதுதான்.

*பண்டிகைக் காலம்:* தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார் எதுவானாலும் அதற்கு முன் இரண்டு கிழமை வீடு கழுவுகிற காலம். முக்கியமாகச் சித்திரைக்கு முன் தமிழர் வீடும் சிங்களவர் வீடும் ஒன்றாகத் துப்புரவாகும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மார்ச் மாதக் கடைசியைப் போல நல்ல காலம் இல்லை. அந்த நேரத்தில் பிடிக்கிற ஒரு வீடு, பிறகு மாதம் ஒருமுறை கூப்பிடுகிற வீடாக மாறும்.

*மற்ற இடங்கள்:* குடியிருந்தவர் காலி செய்துபோன வாடகை வீடு, கல்யாண மண்டபம், டியூஷன் வகுப்பு, தண்ணீர்த் தாங்கி, திருவிழாவுக்கு முன் கோயில்.

ஒன்றைக் கவனியுங்கள். உல்லாசப் பிரயாணத்தை மட்டும் நம்பித் தொழில் செய்வது மழையை நம்பி மாடு மேய்ப்பது போல. 2018-ல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் இலங்கைக்கு வந்தார்கள். 2019-ல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்தது. 2020-ல் கொரோனா வந்தது. 2021-ல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022-ல் எண்ணெய்க்கும் காசுக்கும் நெருக்கடி. 2024-ல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்து, மண்சரிவில் பதுளை மாவட்டம் மோசமாகப் பாதிக்கப்பட்டது, மலையக ரயில் பாதையும் சேதமானது. இப்படி ஏறி இறங்குகிற தொழில் அது. அதனால் நாலு வாடிக்கை பிடித்தால் இரண்டு விடுதியாக இருக்கட்டும், இரண்டு டவுன் வீடாகவோ கடையாகவோ இருக்கட்டும். விடுதி படுத்தாலும் அடுப்பு எரியும்.

அரசாங்க அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் துப்புரவு வேலைக்கு விலைமனு கோருவது உண்டு. அது பெரிய வேலை. கையில் முதல் வேண்டும், காசும் பிந்தித்தான் வரும். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

எப்படிக் கதைப்பது?

ஒரு விடுதி வாசலில் இப்படிக் கதைக்கலாம்:

"வணக்கம் ஐயா. நாங்க பக்கத்துத் தோட்டத்துல இருந்து வர்றோம். நானும் என் தங்கச்சியும் ரூம், பாத்ரூம் துப்புரவு எடுத்துச் செய்றோம்."

"எங்களுக்கு ஆள் இருக்காங்களே!"

"தெரியுங்க ஐயா. அவங்க வேலையை நாங்க கேக்கல்ல. அவங்க லீவு எடுக்கிற அன்னைக்கோ, ரூம் எல்லாம் ஒரே நாள்ல காலியாகிற அன்னைக்கோ கூப்பிட்டா வந்து செஞ்சு தருவோம்."

"எவ்வளவு கேப்பீங்க?"

"இடத்தைப் பாக்காம சொல்ல ஏலாதுங்க. ஒரு பாத்ரூமைக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றோம். முதல்ல அந்த ஒண்ணை மட்டும் செய்ய விடுங்க. பிடிச்சா மத்ததைப் பேசுவோம்."

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஏற்கெனவே வேலை செய்கிறவரின் வயிற்றில் அடிக்கவில்லை. அவர் நாளைக்கு உங்களைப் பற்றி நல்லதே சொல்லுவார். இரண்டு, பார்க்காமல் விலை சொல்லவில்லை. மூன்று, சும்மா செய்து காட்டுகிறோம் என்று சொல்லவில்லை. சின்ன வேலையாக இருந்தாலும் காசு வாங்கித்தான் செய்யவேண்டும். இனாமாகச் செய்த வேலைக்கு அடுத்த முறை விலை கேட்டால் கசக்கும்.

இதே பேச்சைச் சிங்களத்திலும் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற பிள்ளையே வீட்டில் இருக்கும். அவர்களிடம் கேட்டு ஐந்தாறு வசனம் பாடமாக்கினால் போதும்.

விலை போடுவது எப்படி?

வாடிக்கை வரவேண்டும் என்ற அவசரத்தில் அடிமாட்டு விலைக்குப் போகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் சீக்கிரம் விழுகிறார்கள். ஒரு கணக்குப் பார்ப்போம்.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதற்குமேல் தோட்டம் போடுகிற சேமலாப நிதி 12 சதவீதம் 162 ரூபாய். நம்பிக்கை நிதி 3 சதவீதம் 40 ரூபாய் 50 சதம். எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 1,552 ரூபாய் 50 சதம். பஸ் காசு 200, சவர்க்காரம், மருந்துத் தண்ணி 150, தேய்ந்துபோகிற துணி, பிரஷ்ஷுக்கு 100 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 ரூபாயைத் தாண்டுகிறது.

இன்னும் முடியவில்லை. கிழமைக்கு ஐந்து நாள் வேலை எதிர்பார்த்து நாலு நாள்தான் கிடைத்தால், ஐந்து நாளின் 10,000 ரூபாயை அந்த நாலு நாளில் எடுக்கவேண்டும். அப்படியானால் ஒரு நாளைக்கு 2,500. அதற்குக் கீழே போனால் நீங்கள் தோட்டத்து வேலையைவிடக் குறைந்த கூலிக்குத்தான் உழைக்கிறீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் இப்போது உள்ள தொகையையும், உங்கள் ஊர் பஸ் காசையும் போட்டு இதே கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள்.

முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டத் தேவையில்லை. நாள் கூலியாகவும் சொல்லாதீர்கள். "ஒரு ரூமுக்கு இவ்வளவு, ஒரு பாத்ரூமுக்கு இவ்வளவு" என்று வேலைக் கணக்கில் சொல்லுங்கள். நாள் கூலி என்றால் சீக்கிரம் முடித்ததும் "இதையும் கொஞ்சம் செஞ்சுட்டுப் போங்க" என்று இன்னொரு வேலை வரும். வேலைக் கணக்கு என்றால் சீக்கிரம் முடித்து அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

முதல் வேலைதான் அடுத்த வாடிக்கை

ஒரு இடத்தில் செய்கிற வேலை, அடுத்த இடத்துக்கு உங்களைக் கொண்டுபோகவேண்டும். அதற்குச் சில ஒழுங்குகள்:

• சொன்ன நேரத்துக்குப் போங்கள். பஸ் பிந்தினால் உடனே போன் பண்ணுங்கள்.

• எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். வேலையும் விரைவில் முடியும், பாதுகாப்பும் உண்டு. ஆள் உள்ளே இருக்கிற அறைக்குள் போகாதீர்கள். வேலை செய்யும்போது கதவு திறந்திருக்கட்டும். எந்த இடத்துக்குப் போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். யாராவது தொந்தரவு கொடுத்தால் அந்த வாடிக்கையே வேண்டாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

• உடைந்த சாமான் ஏதும் இருந்தால் வேலையைத் தொடங்குமுன் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு பழி வராது.

• நகை, காசு, போன் கண்ணில் பட்டால் தொடாமல் முதலாளியை அழைத்துக் காட்டுங்கள். என்ன, எந்த அறை, எத்தனை மணி என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஒரு பழக்கம் நூறு விளம்பரத்துக்குச் சமம்.

• சாவி வாங்கினால் வாங்கின நேரமும் கொடுத்த நேரமும் எழுதுங்கள்.

• போகும்போது முதலாளியை அழைத்து எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். "ஏதாச்சும் குறை இருந்தா இப்பவே சொல்லுங்க" என்று கேளுங்கள். குறை இருந்தால் முகம் கோணாமல் திருத்திக் கொடுங்கள். திருப்தி என்றால் "உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு எங்களைச் சொல்லுங்க" என்று அப்போதே கேளுங்கள். நாளைக்கு என்றால் மறந்துபோகும்.

உயிர் சம்பந்தமான ஒரு விஷயம். குளோரின் கலந்த வெளுப்புத் தண்ணியையும் டொயிலட் கழுவுகிற அசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் நச்சு வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். வெளுப்புத் தண்ணியோடு அமோனியா கலப்பதும் ஆபத்து. இரண்டு மருந்தைச் சேர்த்தால் இரட்டிப்பாக வேலை செய்யும் என்பது தவறான எண்ணம். ஒன்றைப் போட்டுக் கழுவி, நன்றாகத் தண்ணீர் ஊற்றி, பிறகுதான் அடுத்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள். சோடாப் போத்தலில் மருந்தை ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

போனும் கார்டும்

போர்டு அடிக்க, நோட்டீஸ் அச்சடிக்கக் காசு செலவழிக்கவேண்டாம். தடித்த மட்டையைச் சின்னதாக வெட்டி, பிள்ளைகளைக் கொண்டு அழகாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். பெயர், போன் இலக்கம், செய்கிற வேலை மூன்றும் போதும்:

"வீடு, விடுதி அறை, பாத்ரூம், தண்ணீர்த் தாங்கி துப்புரவு செய்து தருவோம். இரண்டு பேர் வருவோம். சாமான் நாங்களே கொண்டுவருவோம். தெரிந்தவர்களிடம் விசாரித்துக் கூப்பிடலாம்."

அந்தக் கடைசி வசனம்தான் முக்கியம். விசாரிக்கச் சொல்லத் துணிகிறவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்று படிக்கிறவருக்கு விளங்கும்.

வாட்சப் உள்ள போன் இருந்தால், துப்புரவுக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் நின்று ஒவ்வொரு படம் எடுங்கள். வீட்டுக்காரரின் அனுமதி கேட்டுத்தான் எடுக்கவேண்டும். அவர்கள் சாமான், ஆட்கள் படத்தில் விழக்கூடாது. கறை படிந்த தரையும் கழுவின தரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அதற்குமேல் வாயால் சொல்லத் தேவையில்லை.

புது ஆட்கள் நம்புவதற்குக் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிட, நன்னடத்தைச் சான்றிதழ் எடுத்து, அடையாள அட்டைப் பிரதியோடு வைத்திருங்கள். சொந்தப் பெயரில் இல்லாமல் ஒரு வியாபாரப் பெயர் வைத்துத் தொழில் செய்வதானால் பிரதேச செயலகத்தில் அந்தப் பெயரைப் பதியவேண்டும். பதிவுப் பத்திரம் இருந்தால் வங்கிக் கணக்குத் திறக்கவும் கடைகள், கம்பெனிகளிடம் வேலை எடுக்கவும் உதவும்.

கூடிச் செய்தால்

ஒரு லயத்தில் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் பெரிய வேலையும் எடுக்கலாம், ஒருவருக்குச் சுகமில்லாவிட்டால் மற்றவர் போகலாம். இந்தியாவில் புனே நகரத்தில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள் 1993-ல் ஒரு தொழிற்சங்கம் கட்டினார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடு வீடாகப் போய்க் குப்பை எடுக்கிறார்கள், வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கொடுக்கிறார். தெருவில் விரட்டப்பட்டவர்கள், அடையாள அட்டையோடு வாசலில் நின்று மணி அடிக்கிறார்கள். கேரளாவில் 1998-ல் தொடங்கிய 'குடும்பஸ்ரீ' பெண்கள் குழுக்களைச் சேர்ந்தவர்கள், 2017-ல் கொச்சி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது நிலையங்களின் துப்புரவுப் பொறுப்பை எடுத்தார்கள். அவர்களும் நம்மைப் போன்ற குடும்பத்துப் பெண்கள்தான். அவர்களைத் தூக்கிவிட்டது கூட்டும் கணக்கும்.

கூட்டு உடைவதும் கணக்கால்தான். ஆகவே முதல் நாளே பேசி எழுதிவையுங்கள்: வந்த காசில் சாமானுக்கு எவ்வளவு ஒதுக்குவது, போகாத நாளுக்குப் பங்கு உண்டா இல்லையா, கொப்பி யார் கையில். மாதம் ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து கொப்பியை வாசியுங்கள்.

கடன் வாங்கலாமா?

தொடங்குவதற்குக் கடன் வேண்டாம். இரண்டு வாளி, ஒரு தும்புத்தடி, ஒரு மொப், இரண்டு பிரஷ், பழைய பருத்தித் துணி, கையுறை, சலவைத்தூள், டொயிலட் மருந்து ஒரு போத்தல். பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கும். மீதியை ஒரு சின்னச் சீட்டுப் போட்டு வாங்கலாம். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து வசூலிக்கிற நுண்கடனால் நம்ம பெண்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். வாடிக்கை வருமுன் கடன் வந்தால், கடன்காரருக்காக எந்த விலைக்கும் வேலை செய்யவேண்டி வரும். மெஷின் வாங்குவதெல்லாம் வாடிக்கை நிலைத்தபிறகு, வேலையில் மிஞ்சின காசில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதம் செய்யவேண்டியது

முதல் கிழமை: பத்துப் பெயர் எழுதுங்கள், விலைக் கணக்குப் போடுங்கள். இரண்டாம் கிழமை: பத்துப் பேரையும் நேரில் கண்டு சொல்லுங்கள், கார்டு எழுதுங்கள். மூன்றாம் கிழமை: ஒரே ரோட்டில் உள்ள ஐந்து சின்ன விடுதி அல்லது கடையைப் போய்ப் பாருங்கள். ஒரே ரோட்டில் இருந்தால் பஸ் காசு மிஞ்சும். நாலாம் கிழமை: கிடைத்த முதல் வேலையை, அது ஒரு பாத்ரூமாக இருந்தாலும், முழு மனதோடு செய்து கொடுங்கள்.

ஐந்து இடத்தில் நாலு இடம் இல்லை என்று சொல்லும். அது உங்களைச் சொன்னதல்ல. அன்றைக்கு அவர்களுக்குத் தேவை இல்லை, அவ்வளவுதான். கார்டைக் கொடுத்து, வணக்கம் சொல்லி வாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அதே வாசலுக்குப் போங்கள். இரண்டாம் தடவை வருகிறவரைத்தான் மனிதர்கள் ஞாபகத்தில் வைப்பார்கள்.

கொழுந்து எடுக்கிற கைக்கு வேகமும் உண்டு, கவனமும் உண்டு. அந்தக் கையின் விலையை இவ்வளவு காலமும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். சொந்தத் தொழிலில் அதை நீங்களே சொல்லலாம். கொப்பியை எடுத்து முதல் பெயரை எழுதுங்கள்.